காலி எடை

நாளைக் காலை ஆறு மணிக்குப்
பன்னிரண்டு லாரிகள் என் தட்டில் ஏறும்.
பன்னிரண்டும் காலி.

கருப்பூர் எடைமேடையில் எனக்கு ஒன்பது வருஷம்.
வெள்ளைக்கல், ஜவ்வரிசி, இரும்புச் சுருள்,
ஒருதரம் ஒரு சர்க்கஸ் கூடாரம்.
காலியைக் கழித்துச் சுமையைச் சொல்வேன்.
காலி மட்டும் போதும் என்று
இதுவரை யாரும் வந்ததில்லை.

போஸ்டரை என் ஜன்னலிலேயே ஒட்டியிருக்கிறார்கள்.
முட்டை வடிவ மண் தடம். இருபது சுற்று.
கம்பெனி கொடுத்தபடியே வண்டி;
இன்ஜினில் கை வைத்தால் வெளியே.
நாலாயிரத்து இருநூறு கிலோவுக்குக் குறைந்தால்
கல் ஏற்றிக்கொள்ளலாம்.
கடைசி வரியில்
எடை சரிபார்ப்பு: மு. செங்கமலன்.
முதல்முறை அச்சில் ஏறியிருக்கிறேன்,
ஆணாக.

சுரங்கம் கைவிட்ட வெள்ளை மேட்டுக்குப் பின்னால்
ஒரு வாரமாகத் தண்ணி வண்டி நனைக்கிறது,
ரோலர் அழுத்துகிறது.
எந்தப் பக்கம் சுற்றுவது என்பதில்தான் தகராறு.
இடப்பக்கம், உலகமெல்லாம் அப்படித்தான்
என்றது கமிட்டி.
அர்த்தனாரி எழுந்து நின்றான்:
"நடுவுல முனியப்பன் இருக்காரு.
இடமா நான் சுத்த மாட்டேன்."
இருக்கிறார்தான்.
வேப்பமரத்தடியில், அரிவாளோடு,
மீசைக்கு நேற்றுத்தான் கறுப்பு அடித்திருக்கிறது.
ஜெபராஜுக்குச் சாமியைப் பற்றிக் கவலையில்லை.
"ஸ்டீயரிங் வலப்பக்கம்.
வலமாத் திரும்புனா உள்விளிம்பு
என் முழங்கைக்குக் கீழ தெரியும்.
இடமாத் திரும்புனா எட்டிப் பார்த்துச் சொல்லக்
க்ளீனர் வேணும். க்ளீனரைத்தான்
ஏத்தக் கூடாதுங்கறீங்களே."
கை தூக்கினார்கள். ஒன்பதுக்கு மூன்று.
வலம்.

எடையில் ஏமாற்றுகிறவர்களை எனக்குத் தெரியும்.
மணலை நனைத்துக்கொண்டு வருவார்கள்.
கேபினுக்குள் மூன்று பேர் மூச்சடக்கிப் படுத்திருப்பார்கள்.
எல்லாம் கூட்டுகிற வித்தை.
குறைக்கிற வித்தையை
இந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார்கள்:
ஸ்டெப்னியைக் கழற்றி, ஜாக்கியை இறக்கி,
தார்ப்பாயை மச்சான் வீட்டில் போட்டு.
ஒருத்தன் ஹார்னைக்கூடக் கழற்றிவிட்டானாம்.
யாரை விலகச் சொல்லி அடிப்பது,
எல்லாரும் ஒரே பக்கம் போகும்போது?

இரவு பத்தரை.
விளக்கை அணைத்துவிட்டுத் தட்டில் ஏறியது
அர்த்தனாரியின் வண்டி.
குவாஹாத்திக்குப் பதினோரு நடை போனது.
நாளை இருபது சுற்றும் சுற்றி
கிளம்பிய கோட்டிலேயே வந்து நிற்கப்போவது.
"சும்மா பார்த்துச் சொல்லுங்க."
சொல்லக்கூடாது.
திரையை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.
நாலாயிரத்து நூற்று நாற்பது.

அவன் கணக்குப் போடவில்லை.
கீழே டயரை உதைத்துக்கொண்டு நின்ற
பூபதியைப் பார்த்தான்.
ஆறு வருஷமாக இடப்பக்கக் கதவில் தொங்கி
வா வா வா, ரைட்டு ரைட்டு என்று
பாதி நாட்டைக் கடத்தி விட்டவன்.
நாலு நாளாகப் பேச்சு இல்லை.

பூபதி ஒன்றும் கேட்கவில்லை.
மேட்டுப் பக்கம் போனான்.
வெள்ளைக்கல் இருட்டிலும் கண்ணுக்குத் தெரியும்.
ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து,
சிலதைத் திருப்பிப் போட்டு,
தன் எடைக்குக் கல் பொறுக்கினான்.
பாடியில் விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும்
திரையில் எண் ஏறியது.
"வலப்பக்கமாப் போடுறேண்ணா.
திருப்பத்துல தூக்காது."
நாலு நாளில் முதல் பேச்சு.

நாலாயிரத்து நூற்றுத் தொண்ணூறில்
என்ஜினைத் தொடாமல் கீழே இறங்கி
கடைசிக் கல்லை அர்த்தனாரி வாங்கினான்.
கேபின் கதவைத் திறந்து
இடப்பக்க சீட்டில் வைத்துத்
துண்டால் இறுக்கிக் கட்டினான்.

ஏற்காட்டு மலைப்பாதையில்
யாரோ ஒரு லாரி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.
வெளிச்சம் மறைவதும்,
அடுத்த வளைவில் எதிர்ப்பக்கம் முளைப்பதுமாக.
இருநூறு. எண் ஒருதரம் ஆடி
நின்றது.
ரசீது வேண்டுமா என்று கேட்டேன்.
பூபதி கையை நீட்டினான்.